மஞ்சள் தடவிய மனு

அந்த மனுவின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியது நான்தான். என் மகன் கல்யாணத்தில் மிஞ்சிப்போன பத்திரிகைக் கவரில் அதைப் போட்டதும் நான்தான். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நல்ல காரியத்துக்குப் போகிற காகிதம் வெறும் காகிதமாகப் போகக் கூடாது என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் மளிகைச் சாமான் பட்டியலைத் தவிர வேறு எந்தக் காகிதமும் மஞ்சள் இல்லாமல் வெளியே போனதில்லை.

சுனாமி வந்துபோய் இரண்டு வருஷம் இருக்கும். எங்கள் தெருவில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தோம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தெருக்கோடியில் இருக்கிற பார்க்கில் கூடுவோம். பெரிய பார்க் இல்லை. நாலு வேப்பமரம், ஒரு பாதாம் மரம், ஒரு தண்ணீர்க் குழாய், காரை பெயர்ந்த சுற்றுச்சுவர், பாதி உடைந்த சறுக்குமரம். ஓர் ஓரத்தில் மண்ணைச் சமன்செய்து, பிரெஞ்சு பென்சன் வாங்குகிற பெரியவர்கள் நாலைந்து பேர் பெத்தாங்க் ஆடுவார்கள். இரும்புக் குண்டை வீசிவிட்டு, எது கிட்டே விழுந்தது என்று குனிந்து பார்த்துச் சண்டை போடுவார்கள். அவர்கள் சண்டை ஒரு பக்கம், எங்கள் கூட்டம் ஒரு பக்கம்.

குழுவுக்குத் தலைவி ஒரு மீன்காரி. என்னைவிட நாலு வயது மூத்தவள், அக்கா என்று கூப்பிடுவேன். வீராம்பட்டினத்தில் பிறந்து எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டவள். பெரிய மார்க்கெட்டில் கடை. போலீஸ் ஸ்டேஷனானாலும் கரண்ட் ஆபீஸானாலும் அவள் உள்ளே நுழைந்தால் நாற்காலி இழுத்துப் போடுவார்கள். போடாவிட்டால் தானே இழுத்துப் போட்டுக்கொள்வாள். ஆனால் பள்ளிக்கூடம் போனதில்லை. கையெழுத்து மட்டும் போடப் பழகியிருந்தாள்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்து அழகாக வரும், பேச்சுதான் வராது. இறங்க வேண்டிய இடத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்து வந்த ஆள். அதனால் எங்கள் இருவருக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. வருகைப் பதிவில் இருக்கிற பெயரை நான் அவள் காதோரம் மெதுவாகப் படிப்பேன். அவள் அதைப் பார்க் முழுக்கக் கேட்கிற மாதிரி கூவுவாள். படிப்பது நான், கூவுவது அவள். இப்படியே ஆறு வருஷம் ஓடியிருந்தது.

அவள் கண்ணில் கோளாறு என்பதை மார்க்கெட்டில்தான் கண்டுபிடித்தேன். நான் எப்போதும் அவள் கடைக்கு முன்னால் போய்ப் பேசாமல் நிற்பேன். அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கேட்காமலேயே நாலு சங்கராவை எடுத்து என் பையில் போடுவாள். ஒருநாள் அப்படி நின்றபோது என்னை நேராகப் பார்த்து, "இன்னாம்மா வேணும்? வஞ்சிரம் இருக்குது, சங்கரா இருக்குது, வாய தெறந்து கேளு" என்றாள். யாரோ அந்நியப் பொம்பளையிடம் கேட்பது போல.

"அக்கா, நான்தான்" என்றேன்.

"தெரியும்டி. சும்மா கேட்டேன்" என்று சிரித்தாள். சிரிப்பு சரியாக வரவில்லை.

அன்றைக்கு அங்கேயே சற்று ஒதுங்கி நின்று கவனித்தேன். முன்பெல்லாம் மீனின் செவுளைத் தூக்கிச் சிவப்பை ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். இப்போது தூக்கி மூக்கருகே கொண்டுபோனாள். வயிற்றை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். இடது கை விரல்களில் புதுசு புதுசாகக் கத்திக் காயங்கள். வீட்டுக்கு வருகிற வழியில் கேட்டேன். முதலில் வெயில் என்றாள், பிறகு தூக்கமில்லை என்றாள், கடைசியில் நின்றுவிட்டாள்.

"வலது கண்ணு சுத்தமா மறைச்சிப்போச்சி. இடது கண்ணுல பனி மூட்டமாட்டம் இருக்குது. வெளிய சொன்ன, உன்னோட ஜென்மத்துக்கும் பேச மாட்டேன். கண்ணு தெரியாதவகிட்ட எவடி மீன் வாங்குவா?"

"ஆஸ்பத்திரிக்குப் போலாமே அக்கா."

"எங்க பெரியக்காவ ரெண்டு கண்ணோட கூட்டிட்டுப் போனாங்க. ஒத்தக் கண்ணோட வந்தா. அந்த வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன். பேச்ச உடு."

பேச்சை விட்டேன். எனக்குப் பேச்சை விடுவது கஷ்டமில்லை. மனசில் இருந்ததுதான் விடவில்லை. புருஷன் இல்லாதவள், பிள்ளைகள் இல்லாதவள். அந்தக் கடை போனால் அவளுக்கு ஒன்றுமில்லை.

அந்த மாதமே பக்கத்துப் பேட்டைப் பள்ளிக்கூடத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரி முகாம் போட்டிருந்ததைப் பார்த்தேன். சுவரில் எழுத்து அட்டை மாட்டி, பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களைச் சாயங்காலமே வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அங்கே வாசப்படி என்று ஒன்று இல்லை என்பதுதான் எனக்குப் பட்டது. இதுவே எங்கள் பார்க்கில் நடந்தால்? அக்கா தினமும் மார்க்கெட்டிலிருந்து வந்து கூடையை இறக்கிவைத்து முகம் கழுவுகிற இடம். அது அவள் வீட்டு முற்றம் மாதிரி.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் காதில் சொன்னேன். "தெருவுல வயசானவங்க நெறைய இருக்காங்க. நம்ம பார்க்குல கண் முகாம் வச்சா நல்லாருக்கும் அக்கா."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கு ஏதோ புரிந்தது என்றுதான் பயந்தேன். ஆனால் அவள் திரும்பிக் கூவினாள். "கேட்டுக்குங்கடி! நம்ம பார்க்குல கண் முகாம் வைக்கப் போறோம். தெருவுல எல்லாம் தடவித் தடவி நடக்குதுங்க!" அப்புறம் பெத்தாங்க் பக்கம் திரும்பி, "முசியே! நீங்களும் வரணும். குண்டு எங்க விழுதுன்னே தெரியல, இதுல சண்ட வேற!" என்றாள். ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார்.

முகாம் நடத்துகிற ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு அம்மா வந்து இடத்தைப் பார்த்தார். நிழல் இருக்கிறது, குழாய் இருக்கிறது, அட்டை மாட்டச் சுவர் இருக்கிறது, போதும் என்றார். ஆனி மாதக் கடைசி ஞாயிறு ஒன்றுதான் காலியாக இருக்கிறது, அதை விட்டால் தீபாவளிக்குப் பிறகுதான் தேதி கிடைக்கும் என்றார். ஆனால் பார்க்கைப் பார்த்துக்கொள்கிற ஆபீஸிலிருந்து எழுத்தில் அனுமதி வேண்டும். அந்தக் காகிதம் முந்தின வியாழக்கிழமைக்குள் தன் கையில் இல்லாவிட்டால் வேன் வராது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனு எழுதினோம். அவள் சொல்ல, நான் எழுதினேன். "பார்க்கு எங்க தெரு பார்க்கு, நாங்கதான் கூட்டறோம், கொடுக்கலன்னா நடக்கறது வேற"ன்னு எழுது என்றாள். நான், "தங்கள் பூங்காவில் ஞாயிறு காலை ஒன்பது மணி முதல் ஒரு மணி வரை கண் பரிசோதனை முகாம் நடத்த அனுமதி வேண்டுகிறோம்" என்று எழுதினேன்.

"நான் சொன்னத அப்படியே எழுதினியா?"

"அதத்தான் அக்கா கொஞ்சம் மாத்தி."

கையெழுத்துப் போட்டாள். அதன் பிறகுதான் நான் மஞ்சளைக் குழைத்து நான்கு மூலையிலும் தொட்டு வைத்தேன். கவர் வாங்கவில்லை. பீரோவில் மகன் கல்யாணக் கவர் ஒரு கட்டு கிடந்தது. தங்க நிறப் பிள்ளையார் அச்சடித்த கெட்டியான கவர். அதைவிட நல்ல கவர் கடையில் கிடைக்காது.

ஆபீஸுக்கு இருவரும் போனோம். தபால் வாங்குகிற மேஜையில் ஒருவர் இருந்தார், நாற்பது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடிக் கயிறு கழுத்தில் தொங்கியது. அக்கா கவரை நீட்டினாள். அவர் பிள்ளையாரைப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"எப்பம்மா?"

"ஆனி கடைசி ஞாயித்துக்கெழம. காலையில ஒம்போது மணிக்கு."

"எங்க வச்சிருக்கீங்க?"

"எங்க தெரு பார்க்குலதான். ஐயாகிட்ட சொல்லிடுங்க."

"சொல்லிடறேம்மா. ஐயா கண்டிப்பா வருவாரு. எல்லார் வீட்டு விசேஷத்துக்கும் போற மனுஷன்" என்று கவரை இழுப்பறையில் வைத்தார்.

வெளியே வந்ததும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியாடி? பர்மிசன் கேக்கப் போனா ஆபீசரே வர்றேங்கறாரு. இதுக்குத்தான் என்னைய மாதிரி ஆளு வேணும்." எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. விசேஷம் என்று அவர் சொன்னதை நான் மரியாதையான பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

பதினைந்து நாள் போயிற்று. பதில் வரவில்லை. பெரிய இடத்தில் மெதுவாகத்தான் நடக்கும் என்று அக்கா சொன்னாள். முகாமுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, ஆபீஸுக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவள், மார்க்கெட் வாசலில் வாய்க்கால் மேல் போட்டிருக்கிற கல்லுக்குப் பதிலாகக் கல் இல்லாத இடத்தில் காலை வைத்துவிட்டாள். ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"கல்ல எடுத்துட்டு மூடாம வச்சிருக்கானுங்க பாவிங்க" என்று தெருவே திட்டியது. அக்காவும் சேர்ந்து திட்டினாள். அந்த இடத்தில் ஒரு வாரமாகச் சிவப்புத் துணி கட்டிய கம்பு நின்றது எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை. அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

புதன்கிழமை காலை நான் தனியாகப் போனேன். மகன் தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறையில் வேலை செய்கிறான், லீவு கேட்டால் கிடைக்காது. மருமகளுக்குக் கைக்குழந்தை. வேறு யாரும் இல்லை.

ஆபீஸில் அரை மணி நேரம் சுவரோரம் நின்றேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எனக்கு முன்னால் போய்ப் பேசி முடித்துவிட்டு வெளியே போனார்கள். ஒருமுறை அந்தக் கண்ணாடிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். நான் சட்டென்று சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அப்படியே திரும்பிப் போய்விட்டால் என்ன என்று ஒரு எண்ணம் வந்தது. ஆள் இல்லை, பூட்டியிருந்தது என்று சொல்லிவிடலாம். பிறகு அந்த வாய்க்கால் கல் ஞாபகம் வந்தது. தீபாவளி வரைக்கும் எத்தனை வாய்க்கால் இருக்கிறது இந்த ஊரில்.

மேஜை அருகே போனேன். "பார்க்கு" என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

"பார்க்கு பின்னாடி இருக்கும்மா, இது ஆபீசு" என்றார்.

"பார்க்கு மனு. கண் முகாம். போன மாசம் குடுத்தோம்."

அவர் ஒரு பெரிய பதிவேட்டை எடுத்து விரலால் தடவிக்கொண்டு வந்தார். ஒரு பக்கம், இன்னொரு பக்கம். "உங்க தெரு பேர்ல ஒண்ணுமே வரலியேம்மா."

"குடுத்தோம் ஐயா."

"குடுத்திருந்தா நம்பர் போட்டிருப்பேன். நம்பர் இல்லன்னா குடுக்கலன்னு அர்த்தம்." பக்கத்து மேஜைப் பெண் கோப்புக் கட்டைப் பிரித்துப் பார்த்தார். அதிலும் இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அடையாளம் சொன்னால் தேடுவார்கள் என்று தோன்றியது.

"நாலு மூலையிலும் மஞ்ச தடவியிருக்கும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "மனுவுலயா?"

"ஆமாங்க. பிள்ளையார் போட்ட கவரு."

அவர் மெதுவாக இழுப்பறையைத் திறந்து, ரப்பர் போட்ட ஒரு கட்டை எடுத்தார். காதுகுத்து, புதுமனை புகுவிழா, மஞ்சள் நீராட்டு, கல்யாணம். ஆபீசருக்கு வந்த பத்திரிகைகள். நடுவில் எங்கள் கவர். அவர் அதைப் பிரித்துப் படித்தார். முதல் வரியிலேயே கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ, இத நான் காதுகுத்துன்னுல்ல நெனச்சேன்!"

ஆபீஸே சிரித்தது. பக்கத்து மேஜைப் பெண், "ஐயா டைரியில ஞாயித்துக்கெழம பார்க்குல விசேஷம்னு எழுதி, டிரைவருக்கெல்லாம் சொல்லியாச்சே சார்" என்றார். அதற்கு இன்னும் சிரித்தார்கள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. சிரிப்பு அடங்கியதும் அவர் பதிவேட்டை எடுத்து மூடினார்.

"தப்பா நெனச்சிக்காதீங்கம்மா. பார்க்குல நிகழ்ச்சி வைக்கணும்னா பதினஞ்சு நாளைக்கு முன்னாடி மனு வந்திருக்கணும். இன்னிக்கு நம்பர் போட்டா ஞாயித்துக்கெழமைக்கு நாலு நாள்தான் இருக்குது. ஆடி மாசம் வச்சிக்குங்களேன்."

ஆடி பிறந்தால் அக்கா அம்மன் தேர் என்று வீராம்பட்டினம் போய்விடுவாள். போகாவிட்டாலும் வேன் வராது. இதையெல்லாம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவர் கையில் இருந்த கவரைப் பார்த்தபடி நின்றேன். அதன் பின்பக்கம் பென்சிலால் ஏதோ கிறுக்கியிருந்தது. எழுத்துக் கூட்டினேன். வந்த தேதியும், 'ஞாயிறு காலை, பார்க்' என்பதும். எல்லாப் பத்திரிகையின் பின்னாலும் அப்படி எழுதி வைப்பது அவர் வழக்கம் போல.

"ஐயா" என்றேன். "பின்னாடி நீங்களே தேதி எழுதியிருக்கீங்க."

திருப்பிப் பார்த்தார்.

"அன்னிக்கே வந்துடுச்சி ஐயா. பதினெட்டு நாளாவுது. உங்க இழுப்பறையிலதான் இருந்துது."

அவ்வளவு நீளமாக ஒரு அந்நிய ஆணிடம் நான் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் கவரை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனார். சற்று நேரத்தில் திரும்பி வந்து, "ஐயா உங்களக் கூப்புடறாரு" என்றார்.

ஆபீசர் வயதானவர். ஓய்வு பெற ஒன்றிரண்டு வருஷம் இருக்கும் போலத் தெரிந்தது. மனுவை விரித்து வைத்திருந்தார். மஞ்சள் மேஜைக் கண்ணாடியில் உதிர்ந்திருந்தது. அவர் சிரிக்கவில்லை.

"பக்கத்துல ஸ்கூல் இருக்குதேம்மா. ஹால் இருக்குது, ஃபேன் இருக்குது. எதுக்குப் பார்க்குதான் வேணும்?"

வழியெல்லாம் நான் யோசித்து வைத்திருந்த பதில் வயசானவர்கள், நிழல், தண்ணீர் என்பது. அது வரவில்லை. "ஒருத்தங்க பார்க்குன்னாதான் வருவாங்க சார்" என்றேன்.

"யாரு?"

"அதுல கையெழுத்துப் போட்டவங்க."

அவர் மனுவின் அடியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அக்காவின் கையெழுத்து, போட வேண்டிய இடத்தில் இல்லை. நான் எழுதிய கடைசி வரியின் மேலேயே ஏறிக் காகித ஓரம் வரை போய் முடிந்திருந்தது. அன்றைக்கு மஞ்சளைக் குழைக்கிற அவசரத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்களுக்குத் தெரியுமா, இது அவங்களுக்காகத்தான்னு?"

தலையை ஆட்டினேன், இல்லை என்று.

பேனாவை எடுத்தார். அன்று சாயங்காலமே தட்டச்சு செய்த காகிதம் கிடைத்தது. மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது, சமைக்கக் கூடாது, ஒலிபெருக்கி கூடாது, ஒரு மணிக்குள் முடித்துக் குப்பையில்லாமல் ஒப்படைக்க வேண்டும், நகல் ஒன்று போலீஸ் ஸ்டேஷனுக்கு. கண்ணாடிக்காரர் அதை நீட்டிக்கொண்டே, "அடுத்த தடவ வெள்ளக் கவருல குடுங்கம்மா" என்றார். நான் கும்பிட்டுவிட்டு வந்தேன். பஸ்ஸில் அந்தக் காகிதத்தை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன். மறுநாள் வியாழக்கிழமை காலையிலேயே அது ஆஸ்பத்திரி அம்மாவின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

கதையைச் சொன்னபோது அக்கா கட்டிலில் படுத்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். "ஊமைய அனுப்பினா ஊர வாங்கிட்டு வருதேடி!" ஆபீசர் அறையில் பேசியதை மட்டும் நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் பார்க் நிறைந்துவிட்டது. மரத்தில் ஆணி அடிக்கக் கூடாதே, அதனால் எழுத்து அட்டையைச் சறுக்குமர ஏணியில் கட்டினோம். பெத்தாங்க் பெரியவர்கள் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து வரிசையில் நின்றார்கள். அதில் ஒருவர் எதிராளியிடம், "மேல் வரியே தெரியலியே உனக்கு, போன வாரம் என் குண்டு தள்ளி விழுந்துச்சின்னு எப்படிச் சொன்ன?" என்று ஆரம்பித்துவிட்டார். கண்ணாடிக்காரர் தன் அம்மாவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தார். "பத்திரிக வச்சீங்க இல்ல, வராம இருக்க முடியுமா?" என்றார். ஆபீசரும் வந்தார். ஐந்து நிமிஷம் வேப்பமரத்தடியில் நின்றார். அக்கா எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

அக்கா கட்டுப்போட்ட காலை ஒரு ஸ்டூலில் நீட்டிக்கொண்டு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நான். வழக்கம் போல நான் பட்டியலைப் படிக்க, அவள் கூவினாள். ஒலிபெருக்கி கூடாது என்று ஆபீஸ் சொன்னது நல்லதாகப் போயிற்று, இருந்திருந்தால் யார் காதும் மிஞ்சியிருக்காது. எல்லோரையும் அதட்டினாள், கிண்டல் செய்தாள், பயந்த கிழவிகளைத் தட்டிக்கொடுத்தாள். "டார்ச்சுதான் அடிக்கிறாங்க, ஒத வாங்கற மாதிரி நடுங்கறியே ஆயா!" தான் மட்டும் எழுந்து அந்த நாற்காலிப் பக்கம் போகவில்லை.

பதினோரு மணிக்குக் கேட்டேன். "நீயும் ஒரு தடவ பாத்துக்கயேன் அக்கா."

"வேலையப் பாருடி."

பன்னிரண்டு மணிக்கு மறுபடி கேட்டேன். அடுத்த பெயரைப் படிக்கச் சொன்னாள். பட்டியல் குறைந்துகொண்டே வந்தது. பன்னிரண்டரைக்கு டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேன் டிரைவர் பெயர் கொடுத்தவர்களை ஏற்றத் தொடங்கினார். ஒரு மணிக்கு இடத்தைக் காலி செய்ய வேண்டும், எழுதிக் கொடுத்திருக்கிறோம். கடைசியில் நாலு பேர் மிச்சம், பிறகு மூன்று, பிறகு இரண்டு.

கடைசிப் பெயருக்குக் கீழே நான் இன்னொரு பெயரை எழுதினேன். அவள் காதருகே குனிந்து, மற்றப் பெயர்களைப் படித்த அதே குரலில் அதையும் படித்தேன்.

அவள் அதையும் கூவிவிட்டாள். காலையிலிருந்து நூறு பெயர் கூவிய வாய், காதில் விழுந்ததை அப்படியே கூவியது. தன் பெயரை, புருஷன் பெயரோடு சேர்த்து, பார்க் முழுக்கக் கேட்கும்படி கூவினாள். குழுப் பெண்கள் எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். "தலைவியம்மா, எழுந்து போ! கூப்புடறாங்க இல்ல?"

அக்கா என் பக்கம் திரும்பினாள். அவள் பார்வை என் முகத்துக்குச் சற்றுத் தள்ளி விழுந்தது.

"வேணும்னே பண்ணியாடி?"

"ஆமாம் அக்கா."

"மொதல்லேருந்தேவா? முகாமு, மனு, எல்லாம்?"

"ஆமாம்."

இனி இவள் என்னோடு பேச மாட்டாள் என்றுதான் நினைத்தேன். அவள் மேஜையைப் பிடித்து எழுந்தாள். "புடி கைய. கால் வலிக்குது" என்றாள். நாற்காலி வரைக்கும் கூட்டிக்கொண்டு போனேன். டார்ச் அடித்தபோது என் கையை விடவில்லை. எழுத்து அட்டைக்கு முன்னால் அவள் கஷ்டப்படுவதை எல்லோரும் பார்த்தார்கள். எழுத்துத் தெரியாததால்தான் தடுமாறுகிறாள் என்று நினைத்து டாக்டர் படம் போட்ட அட்டையை மாட்டினார். அதுவும் தெரியவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அடங்கிப்போனார்கள். புரை முற்றிவிட்டது, இன்றைக்கே வந்தால் வலது கண்ணை நாளைக்குச் செய்துவிடலாம், இன்னும் தள்ளிப்போட்டால் சொல்ல முடியாது என்றார்.

"எங்க அக்காளுக்கு மாதிரி ஆச்சின்னா?" என்று அக்கா கேட்டாள். அவ்வளவு மெல்லிய குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

"அது அந்தக் காலம்மா. இப்ப வேற மாதிரி" என்றார் டாக்டர். "ஆனா பயம் உங்களுது. நான் கட்டாயப்படுத்த மாட்டேன்."

அவள் யோசித்தாள். வேன் டிரைவர் வண்டியைக் கிளப்பி வைத்திருந்தார்.

"இவ வந்தா வர்றேன்" என்றாள்.

என்னிடம் மாற்றுப் புடவை இல்லை. மகனுக்குச் சொல்லவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து பிரசவத்தைத் தவிர வீட்டுக்கு வெளியே ஓர் இரவு தங்கியதில்லை. பட்டியலைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்து, குப்பையில்லாமல் கூட்டிவிடுங்கள், ஆபீஸில் சொல்லியிருக்கிறோம் என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவை முன்னால் ஏற்றிவிட்டு நானும் ஏறினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் மூன்று படி இருந்தது. ஒவ்வொரு படியிலும் சொன்னேன், அவள் காலை வைத்தாள். மறுநாள் ஆபரேஷன். அதற்கு மறுநாள் காலையில் வரிசையாக உட்கார வைத்துக் கட்டைப் பிரித்தார்கள். அவள் முறை வந்தபோது நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றேன். நர்ஸ் பஞ்சை எடுத்து, "மெதுவா தெறங்கம்மா" என்றார்.

அக்கா திறந்தாள். நர்ஸைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மடியில் கிடந்த தன் கையைப் பார்த்தாள். முகத்தருகே தூக்கி, விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காயத் தழும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள். மோதிரத்தில் வந்ததும் நின்றாள்.

"ஏண்டி, இங்க பாரு. கல்லு இடுக்கெல்லாம் செதிலு. எத்தன மாசத்து செதிலோ. இந்தக் கையாலயா நான் சோறு தின்னேன்? நீயாவது சொல்லக் கூடாதா?"

குனியக் கூடாது, தலையை ஆட்டக் கூடாது என்று நர்ஸ் அதட்டினார். அவள் காதிலேயே வாங்கவில்லை. ஊக்கு இருக்கிறதா என்று கேட்டாள். என் ரவிக்கையிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன். நிமிர்ந்து உட்கார்ந்து, கையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஒவ்வொரு செதிலாகக் குத்தி எடுத்துப் புறங்கையில் வரிசையாக வைத்தாள்.